சாவடிச் சுவரில் சூரியன்

2031 மே 21 அன்று தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மறுபடியும் ஒரு வளையச் சூரிய கிரகணம் தெரியவிருக்கிறது. மதுரை, தேனி, காரைக்குடி வட்டாரங்களில் இருப்பவர்கள் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். உச்சிப் பொழுதை ஒட்டி வருவதால் மலையோ மரமோ மறைக்கப்போவதில்லை. நிலவின் நிழல் போகும் பாதையின் நடுவில் உள்ள ஊர்களில் வளையம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும். அதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். கிரகணம் பார்க்கும் கண்ணாடி வாங்க ஒரு மாதம் போதும், உண்மைதான். ஒரு ஊரை வீட்டைவிட்டு வெளியே வரவைக்க ஒரு மாதம் போதாது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தை எங்கள் ஊரில் பெரியவர்கள், குழந்தைகள் என்று எல்லோருமாகக் கூடிப் பார்த்தோம். அப்போது நான் கற்றுக்கொண்டதை, இனி தங்கள் ஊரைக் கூட்டிக் காட்டப்போகும் ஆசிரியர்களுக்காகவும் இளைஞர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், முருங்கைத் தோட்டங்கள் நிறைந்த பகுதியில், அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. அந்த முறை நிலவின் நிழல் சவுதி அரேபியாவில் தரையிறங்கி, அரபிக்கடலைத் தாண்டி, காசர்கோடு, கண்ணூர், வயநாடு வழியாக நீலகிரி ஏறி, கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் போனது. அந்தப் பாதையின் அகலம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். எங்கள் ஊர் ஏறத்தாழ அதன் நடுவில் இருந்தது. எங்கள் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணமே நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக இலங்கைக்குப் போயிருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில் முகாமிட்டுப் பார்த்தார். பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சென் நீலகிரிக்கு வந்து பார்த்தார். கடல் கடந்து வந்து பார்த்த நிகழ்ச்சி அது. அதைப் போன்ற ஒன்று நம் தலைக்கு மேலேயே நடக்கும்போது நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா என்ற ஆதங்கம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

வளையம் ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவின் பாதை சரியான வட்டம் இல்லை. சில சமயம் நமக்கு அருகில் வரும், சில சமயம் நாலு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். விலகி இருக்கும் நாளில் சூரியனை முழுதாக மூட அதற்கு அளவு பற்றாது. ஓரத்தில் மிஞ்சுவதுதான் வளையம். 2019இல் நிலவின் விட்டம் சூரியனின் விட்டத்தில் 97 சதவீதம் இருந்தது. பரப்பில் கணக்கிட்டால் 94 சதவீதம் மறைந்தது. மீதி ஆறு சதவீதம். அந்த ஆறே கண்ணைக் கெடுக்கப் போதுமானது. முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்த அந்தச் சில நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வளையக் கிரகணத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நொடியும் கூடாது. இந்த வேறுபாட்டை நான் எல்லா வீட்டிலும் சொன்னேன், ஏனென்றால் "இருட்டியபின் பார்த்தால் ஒன்றும் ஆகாது" என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஊரில் பேச்சு கொஞ்சம் பலமாகவே இருந்தது. சுனாமி வந்த அதே டிசம்பர் 26. மார்கழி அமாவாசை. போதாததற்கு மறுநாள் 27ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்டம். "எல்லாம் சேர்ந்து வருகிறதே டீச்சர்" என்று கடையில் நின்றவர்கள் கேட்டார்கள். பயம் சுனாமியைப் பற்றியதாக இருந்தாலும், அதன் பாரம் விழுந்தது பெண்கள் மேல். சமைத்ததை எல்லாம் காலி செய்ய வேண்டும், தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட வேண்டும், கிரகணம் விட்டபின் வீட்டைக் கழுவித் தலை முழுக வேண்டும். கர்ப்பிணிகள் காலையிலிருந்து இருட்டறையில் அசையாமல் கிடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பசித்தாலும் கொடுக்கக்கூடாது.

இதை எல்லாம் எதிர்த்து மேடை போட்டுப் பேசுகிறவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. கிரகண நேரத்தில் பொதுவெளியில் சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டுவது திராவிடர் கழகத்தாரின் நெடுநாள் வழக்கம். அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகக் கண்ணாடியுடன் போகிறார்கள். அந்த இரண்டு வழியையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு சிறிய ஊரில், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய இடத்தில், வாதத்தில் ஜெயிப்பதால் ஒரு அப்பத்தாவும் கதவைத் திறப்பதில்லை. பார்க்க ஏதாவது இருந்தால்தான் திறப்பார்கள். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பார்க்கும்படி இருந்தால்.

இங்கேதான் கிரகணக் கண்ணாடிக்கு ஒரு குறை இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் சூரியனைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. பார்த்தவர் "ஆ" என்பார். பார்க்காதவர் தன் முறைக்குக் காத்திருப்பார். பிம்பத்தைச் சுவரில் விழவைத்தால் கதையே வேறு. நூறு பேர் ஒரே சூரியனை ஒன்றாகப் பார்க்கலாம், கை நீட்டிக் காட்டலாம், பேசிக்கொள்ளலாம். பயந்தவரும் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்கலாம். யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவே வேண்டாம். அதனால் முதல் ஒன்றரை மணி நேரத்தைச் சுவருக்கும், வளையம் நிற்கும் அந்த மூன்று நிமிடத்தைக் கண்ணாடிக்கும் ஒதுக்கினோம்.

இடம் ஒரு சிக்கலாக இருந்தது. பள்ளி வாக்குச்சாவடி ஆகிவிட்டது. மைதானத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரையாண்டு விடுமுறை வேறு. கடைசியில் ஊர்ச் சாவடிதான் கிடைத்தது, அதுவே நல்லதாகவும் போயிற்று. பள்ளிக்கு வரத் தயங்கும் கிழவர்கள் சாவடிக்கு வர யார் அழைப்பையும் எதிர்பார்ப்பதில்லை. உட்சுவர் வெள்ளையடித்தது, ஜன்னல் சிறியது, உள்ளே நல்ல இருட்டு.

கருவி இதுதான். ஒரு ரப்பர் பந்தைக் கீறி மணல் நிரப்பி, மேலே முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினோம். கண்ணாடியின் மேல் கறுப்புத் தாள்; அதன் நடுவே சுண்டுவிரல் நகத்தளவு ஓட்டை. பந்து உருளாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடம் தூக்கி வந்த ஒரு பெண் தன் சும்மாட்டை எடுத்துக் கொடுத்தார். துணியைச் சுருட்டிய அந்த வளையத்தில் பந்து சொன்ன பக்கம் திரும்பி, சொன்ன இடத்தில் நின்றது. அதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் வெயிலில் ஒரு முக்காலியின் மேல் வைத்தோம். கண்ணாடியில் பட்ட ஒளி தெருவைத் தாண்டி, சாவடி வாசல் வழியாக உள்ளே போய்ப் பின்சுவரில் விழுந்தது. அது கண்ணாடித் துண்டின் வடிவத்தில் விழாது. சூரியனின் வடிவத்திலேயே விழும். அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 110ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம். 22 மீட்டர் தூரத்துக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். தூரம் குறைவாக இருந்தால் ஓட்டையையும் சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கலங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கண்ணாடியில் தெரியும் சூரியனும் சூரியன்தான். குனிந்து அதைப் பார்த்தால் நேரே பார்த்த அதே கேடு. அதனால் முக்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒளி போகும் வழியில் யாரும் தலை நீட்டாமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். இன்னொன்று, பூமி சுழல்வதால் பிம்பம் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் தன் விட்டமளவு நகர்ந்துவிடும். பந்தை அவ்வப்போது திருப்ப நிதானமான ஒரு கை வேண்டும். எங்களுக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிடைத்தாள், சூரியனை ஏறிட்டுப் பார்க்காமல், சுவரிலிருந்து வரும் குரலைக் கேட்டே திருப்பினாள்.

அன்று மாரியம்மன் கோயிலில் மார்கழிப் பூசையை விடியலிலேயே முடித்து, எட்டு மணிக்கு முன் நடையைச் சாத்திவிட்டார்கள். வேலை முடிந்த பூசாரி நேராகச் சாவடிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவர் வந்து உட்கார்ந்தது நான் வீடு வீடாகப் பேசியதைவிடப் பெரிய உதவி. எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு, சுவரில் இருந்த வெள்ளை வட்டத்தின் விளிம்பில் ஒரு கடி விழுந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. தாளில் ஏதோ கிழிசல் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தக் கடி வளர்ந்ததும் உள்ளே பேச்சு அடங்கி, பிறகு இரண்டு மடங்காகக் கிளம்பியது. மெல்லிய மேகம் ஒன்று சூரியனைக் கடந்தபோது, அந்த மேகம் புகைபோலச் சுவரில் வட்டத்தின் குறுக்கே ஊர்ந்து போனது. அதைப் பார்த்த பிறகுதான் ஒரு முதியவர், "அப்படியானால் இது நிஜச் சூரியனேதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது ஒரு மேகத்தால் ஏறிவிட்டது.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சல்லடை, இட்லித் தட்டு, இடியாப்ப அச்சு என்று வீட்டில் ஓட்டை உள்ள பாத்திரம் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. இடியாப்ப அச்சின் ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு பிறையைப் போட்டது. வேப்பமரத்தடியில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் அதையே செய்தது. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தோம். அதன் மேல் நூற்றுக்கணக்கான பிறைகள் காற்றில் ஆடின. மர நிழலில் வழக்கமாக விழும் வட்ட வட்ட வெளிச்சங்கள் எல்லாமே சூரியனின் பிம்பங்கள்தான். நாள்தோறும் அதை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். கிரகணத்தன்றுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒன்பது மணி வாக்கில் நான் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒருத்தி அங்கே உள்ளறையில் இருந்தாள். எட்டாம் மாதம். என்னிடம் படித்தவள். அவளுடைய அப்பத்தா வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். "வெளியே கூப்பிட வரவில்லை ஆத்தா, பேச்சுத்துணைக்கு வந்தேன்" என்றேன். விட்டார். பழைய ஓட்டு வீடு. அறை இருட்டாக இருந்தது. ஆனால் ஓடுகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் வெயில் நுழைந்து, சாணம் மெழுகிய தரையில் அங்கங்கே வெளிச்சப் பொட்டுகளாக விழுந்திருந்தது. எல்லாமே பிறைகள். சாய்ந்து விழுந்த வெயிலாதலால் கொஞ்சம் நீண்ட பிறைகள்.

அவள்தான் முதலில் கவனித்தாள். "டீச்சர், இது எப்போதும் வட்டமாகத்தானே விழும்?" அப்பத்தா உள்ளே வந்து குனிந்து பார்த்தார். அந்த வீட்டில் வாழ்ந்த காலமெல்லாம் அந்தப் பொட்டுகளை அவர் பார்த்திருக்கிறார். நெல் காயவைக்கும்போது அதைக் கொண்டு பொழுது கணக்கிட்டிருக்கிறார். மெல்ல உள்ளங்கையை நீட்டினார். சுருக்கம் விழுந்த அந்தக் கையில் ஒரு பிறை வந்து உட்கார்ந்தது. கையை மேலே கொண்டுபோனார், பிறை சிறுத்தது. கீழே இறக்கினார், பெருத்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரே பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து அந்த வெளிச்சத்தின் கீழ் நீட்டினார்.

அந்தப் பெண் அன்று வெளியே வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வளையம் வந்தபோது அறைக்குள்ளும் நடு மங்கிய வட்டங்கள் விழுந்ததாகப் பின்னால் அப்பத்தாவே தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கர்ப்பிணிகளைப் பற்றிய இந்த நம்பிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குழந்தைக்கு உதட்டுப் பிளவு இருந்தால், "கிரகணத்தில் வெளியே போனாயா, எதையாவது நறுக்கினாயா" என்று தாயைத்தான் கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க அவள் அந்தக் கேள்வியைச் சுமப்பாள். கருவில் மேலுதடு கூடுவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். எட்டாம் மாதத்தில் இருட்டறையில் கிடப்பதற்கும் உதட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிளவு இருந்தாலும் அறுவை சிகிச்சையில் நன்றாகச் சரிசெய்துவிடலாம். இதை ஆசிரியர் சொல்வதைவிடக் கிராம செவிலியர் சொன்னால் எடுபடும். கிரகணத்தன்று சொல்வதைவிட ஆறு மாதம் முன்னால், பரிசோதனைக்கு வரும் நாளில் சொன்னால் இன்னும் எடுபடும். 2031க்கு ஏற்பாடு செய்பவர்கள் முதலில் பேச வேண்டிய ஆள் அவர்தான்.

ஒன்பதேகாலுக்கு மேல் வெயிலின் சுபாவமே மாறியது. இருட்டவில்லை. சாயங்கால வெளிச்சமும் இல்லை, அதில் மஞ்சள் இருக்கும். இது சாயம் போன வெளிச்சம். மார்கழிக் குளிர் திரும்பி வந்தது. முழங்கையின் நிழலைச் சுவரில் பார்த்தால் ரோமம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. சாவடிக்குள் இருந்தவர்கள் எல்லோரையும் தெருவுக்கு அழைத்தோம். கண்ணாடிகள் எல்லோருக்கும் போதாது என்று தெரியும். அதனால் வயதானவர்கள் கையில் முதலில் கொடுத்தோம். குழந்தைகள் எப்படியும் முண்டியடித்துப் பார்த்துவிடுவார்கள்; எழுபது வயதுக்காரர் முறை கேட்டு வரிசையில் நிற்க மாட்டார்.

பிறை மெலிந்து மெலிந்து நூலானது. அதன் இரண்டு கொம்புகளும் நிலவின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு நீண்டன. கடைசி நொடிகளில் அந்த வேகம் வியக்கவைக்கிறது. அதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஆமை வேகத்தில் நடந்தது, திடீரென்று ஓடத் தொடங்குகிறது. கொம்புகள் தொடும் இடத்தில் ஒளி ஒரே கோடாகச் சேராமல், துண்டு துண்டாக நின்று சேர்ந்தது. நிலவின் ஓரத்தில் உள்ள மலைகளும் பள்ளங்களும் செய்யும் வேலை அது. 1836இல் ஸ்காட்லாந்தில் ஒரு வளையக் கிரகணத்தில் அதைக் கவனித்து விவரித்தவர் பிரான்சிஸ் பெய்லி. பெய்லி மணிகள் என்றே அதற்குப் பெயர். பிறகு வளையம் மூடிக்கொண்டது. குறை இல்லாத வட்டம். யாரும் சொல்லிவைக்கவில்லை, பின்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். மாரியம்மன் சப்பரம் கிளம்பும்போது போடும் அதே குலவை. கண்ணாடி கைமாறிக்கொண்டே இருந்தது. பத்து நொடி பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் முன்பே சொல்லிப் பழக்கியிருந்தோம். முன்பின் பேசிக்கொள்ளாத வீட்டுக்காரர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துவிட்டதை நானே பார்த்தேன். தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவரின் ஆட்களும் ஒரே கண்ணாடியில் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்று நிமிடம். பிறகு எதிர்ப்பக்கம் உடைந்து, வளையம் மறுபடியும் பிறையாகிவிட்டது.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடத்துக்கும் மேல் நின்றது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். நேரத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்ததைவிட மூன்று மடங்கு. கடற்கரை முழுக்கக் கூட்டம். ஆனாலும் எல்லோரும் ஆளுக்கொரு கண்ணாடியுடன் வானத்தை அண்ணாந்திருந்தோம். சுவர் இல்லை, மரம் இல்லை, நிழல் இல்லை. 2020 ஜூன் 21 கிரகணம் ஊரடங்குக் காலத்தில் வந்தது. தமிழ்நாட்டில் பகுதிக் கிரகணம்தான். மொட்டைமாடியில் குடும்பத்தோடு பார்த்து முடித்தோம்; பக்கத்து மாடிக்குக் குரல் கொடுத்துக் காட்டியதுதான் அன்றைய மகிழ்ச்சி. மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது, வளையம் எத்தனை நிமிடம் நின்றது என்பதைவிட யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

கண்ணாடி பற்றிச் சில சொல்லியாக வேண்டும். ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறியீடு உள்ளதை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். குறியீட்டைப் போலியாகவும் அச்சடிக்க முடியும் என்பதால் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள்: மாட்டிக்கொண்டு பார்த்தால் டியூப்லைட், ஜன்னல், பொருட்கள் எதுவும் தெரியக்கூடாது. மடிப்பு, கீறல், ஊசித் துளை இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண் மட்டும். எக்ஸ்ரே படம், புகைபிடித்த கண்ணாடி, குறுந்தகடு, இரண்டு மூன்று கூலிங்கிளாஸ், சாணித் தண்ணீரில் தெரியும் பிம்பம், இவை எதுவும் வேண்டாம். விழித்திரை சுட்டாலும் வலிக்காது. அதற்கு வலி உணரும் நரம்பு கிடையாது. பார்வையில் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியும், அது மணிக்கணக்கில் கழித்துக்கூட வரலாம். பைனாகுலர், தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதன் முன்பக்கத்தில், வெளிச்சம் நுழையும் பக்கத்தில், அதற்கென்று உள்ள வடிகட்டியை மாட்ட வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் குவிந்த வெயில் கண்ணாடியைத் துளைத்துக் கண்ணையும் துளைத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காகிதத் தட்டில் கண்ணாடியைப் பதித்து முகமூடி மாதிரி செய்துகொடுத்தோம், பக்கவாட்டில் எட்டிப் பார்க்க முடியாமல் போயிற்று. தரையைப் பார்த்து மாட்டு, பிறகு நிமிர்ந்து பார். தரையைப் பார்த்துக் குனி, பிறகு கழற்று. இதை ஒரு விளையாட்டாகவே பலமுறை பழக்கினோம்.

சாப்பாடு விஷயத்தில் என் கருத்து இது: ஓரமாக வையுங்கள், அழைக்காதீர்கள். சாவடித் திண்ணையில் ஒரு அண்டா சுண்டலும் சுக்குக் காபியும் இருந்தன. பசித்த பிள்ளைகள் எடுத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் தடுக்கவில்லை. சாப்பிடாதவர்களும் கடைசிவரை நின்றார்கள். இன்னொன்றும் கவனித்தேன். வளையம் முடிந்ததும் பத்து நிமிடத்தில் தெரு காலியாகிவிடும். கிரகணம் விட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் யாரும் நிற்க மாட்டார்கள். சொல்ல வேண்டியது, காட்ட வேண்டியது எல்லாவற்றையும் வளையத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உலக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும் உலக்கை தானாக நிற்கும் என்று தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நிறுத்துவார்கள். அன்றும் இரண்டு மூன்று வீட்டு வாசலில் நின்றது. நான் மறுக்கவில்லை, நின்றதைப் பாராட்டினேன். அடிப் பூண் மட்டமாக இருந்தால் உலக்கை என்றைக்கும் நிற்கும். தேர்தல் முடிந்து ஊர் ஓய்ந்தபின், அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில், நிறுத்திய அதே கையாலேயே மறுபடி நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். நின்றது. அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போது நம் கைப்பக்குவந்தான்" என்றார், பெருமையாகவே.

இனி வருவது எவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுக் கிரகணம்; நமக்கு மாலைப் பொழுதில் பகுதியாகத் தெரியும். மேற்கு வானம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள், ஏரிக்கரை நல்லது. ஆகஸ்டில் மேகமும் இருக்கலாம். ஆனாலும் 2031க்கு ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 2034 மார்ச் 20 அன்று லடாக், காஷ்மீர் பகுதியில் முழுக் கிரகணம். போக முடிந்தவர்கள் இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

வாங்கிய கண்ணாடிகளைக் கிரகணம் முடிந்ததும் வீசிவிடாதீர்கள். கீறல் விழாமல் புத்தகத்துக்குள் வைத்தால் நன்றாக இருக்கும், எடுக்கும்போதெல்லாம் அந்த டியூப்லைட் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். 2019 டிசம்பரில் சூரியன், தன் மேலுள்ள கறுப்புப் புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுழற்சியின் அடிமட்டத்தில் இருந்தது. எங்கள் சாவடிச் சுவரில் விழுந்த வட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. 2024 மே மாதத்தில் மிகப் பெரிய சூரியப் புள்ளிக் கூட்டம் ஒன்று வந்தபோது, அதே கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வெளியே நின்றோம். தொலைநோக்கி இல்லாமல், அந்தக் கிரகணக் கண்ணாடியிலேயே கறுப்பாகத் தெரிந்தது. பந்தைத் திருப்பிய பெண் அப்போது பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். விடுமுறையில் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவள்தான் வரிசை பிடித்துக் காட்டினாள்.